ஸக்கி உட்கார வேண்டிய காட்சி

ஸக்கியாக ஃபிக்ரி செத்தது செப்டம்பரில், அபூகீர் கடற்கரையில், சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைதட்ட. ஃபிக்ரியாகவே செத்தது நவம்பர் பதினாலாம் தேதி காலையில், ரொட்டி வரிசையில். இரண்டு சாவுக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஒரு காட்சிதான் பாக்கி இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டு காபி, ஒரு கேள்வி. அதைத் தள்ளிப் போட வைத்தவள் ரதீபா.

மேஜர் நாதிர் உளவுப் படங்கள் பதினெட்டு வருஷத்தில் ஆறு வந்துவிட்டன. மேஜராக நடிப்பவர் இதற்குள் மூன்று முறை மாறியாயிற்று. முதலாமவர் தடித்துப் போனார், இரண்டாமவர் தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு போனார், இப்போதிருக்கும் இஹாப் கண்ணாடியை விட்டு நகர்ந்தால்தானே கேமரா முன்னால் வருவதற்கு. கதாநாயகிகள் படத்துக்கு ஒருத்தி. வில்லன்களைக் கேட்கவே வேண்டாம், வந்தவன் எல்லாம் கடைசி ரீலில் வெடித்துச் சிதறிப் போனான். மாறாமல் இருந்தது இரண்டே பேர். கெய்ரோ அலுவலகத்தில் மேலதிகாரியின் காரியதரிசி அஃபாஃபாக ரதீபா. அலெக்ஸாண்ட்ரியாவில் கடிகாரக் கடை வைத்துக்கொண்டு மேஜருக்குச் சாவியும் பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுக்கும் ஸக்கியாக ஃபிக்ரி.

ஆளுக்கு ஒரு வசனம். ரதீபா தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கி, "பெரியவர் உள்ளதான் இருக்கார். கோபமா இருக்கார்" என்பாள். ஃபிக்ரி கடைக் கதவை லேசாகத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு, "வழி சுத்தமா இருக்கு, பாஷா" என்பார். அவ்வளவுதான். ஆனால் வீட்டுப் பக்கத்து மனியல் சந்தையில் ரதீபா தக்காளி பொறுக்கினால் நாலு கடையிலிருந்தும், "பெரியவர் இன்னைக்கும் கோபமா, மதாம்?" என்று குரல் வரும். ஃபிக்ரி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "வழி சுத்தமா இருக்கா, ஸக்கி? வண்டிய எடுக்கலாமா?" என்பான். அவரும் சளைக்காமல் வெளியே எட்டிப் பார்த்து, "சுத்தமா இருக்கு, பாஷா" என்பார். இஹாபைத் தெருவில் பார்த்தால் கையெழுத்து கேட்பார்கள். இவர்களைப் பார்த்தால் வீட்டு மனிதர்கள் மாதிரி வம்பு பேசுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆறு படத்திலும் இவர்கள் இரண்டு பேரும் ஒரே காட்சியில் வந்ததே இல்லை. அவள் கெய்ரோவில், அவர் அலெக்ஸாண்ட்ரியாவில். மூன்றாவது படத்தில் ஒரு தொலைபேசிப் பேச்சு இருந்தது. அதையும் இரண்டு வாரம் தள்ளித் தனித்தனியாக எடுத்தார்கள். படப்பிடிப்பு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேஜை, போஸ்டரில் கடைசி வரியில் அடுத்தடுத்த பெயர். திரையில் மட்டும் இருநூறு கிலோமீட்டர் தூரம்.

"அது போகட்டும், ரதீபா ஹானிம்" என்பார் ஃபிக்ரி. "பதினெட்டு வருஷமா நான் நின்னுக்கிட்டே நடிக்கிறேன், அதக் கவனிச்சீங்களா? கதவைத் திற, நில்லு. சாவியக் கொடு, நில்லு. எனக்கு ஒரு நாற்காலி போட இந்த நாட்டு சினிமாவுக்கு மனசு வரல."

"நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? ஒரு படத்துலயாவது மேஜைய விட்டு எழுந்திருச்சிருக்கேனா? எனக்குக் காலு இருக்குன்னே ஜனங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்பார் அவர். அவள் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? அவள் கணவனை இழந்து பதினோரு வருஷம். ஒரே மகன் கனடாவில், பெருநாளுக்குப் பெருநாள் தொலைபேசியில் வருவான். ஃபிக்ரி கல்யாணமே செய்துகொள்ளாதவர், தங்கை வீட்டு மாடியில் ஒற்றை அறை. தடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் என்ன கூத்து என்று அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது படத்தின் கதையைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸக்கி இந்தப் படத்தில் சாகிறார். மேஜருக்காகக் கடலில் குதித்து, குண்டு பட்டு, மணலில் மேஜர் மடியில் உயிரை விடுகிறார். அதற்கு முன்னால் அஃபாஃப் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வருகிறாள். கடலோரக் காபிக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்கிறார்கள். ஸக்கி கேட்கிறார்: "இந்த வேலை முடிஞ்சதும் கடைய மூடிடப் போறேன், அஃபாஃப். எங்கூட வந்துடுறியா?" அவள் சிரித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க. வந்ததும் சொல்றேன்" என்கிறாள்.

ஃபிக்ரி அந்தப் பக்கத்தைப் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டு யாரைப் பார்த்தாலும் எடுத்துக் காட்டினார். "பாத்தீங்களா, அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கு. ஸக்கி உட்கார்கிறார்."

முதலில் போட்ட அட்டவணைப்படி காபிக் கடைக் காட்சி செப்டம்பரில். சாவு நவம்பரில். ரதீபா அதை இரண்டு முறை படித்தாள். ஃபிக்ரி நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொள்வதை அவள் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். நவம்பர் கடலில் அந்த நெஞ்சோடு இந்த மனுஷன் எத்தனை முறை முங்கி எழுவார்? நேரே இயக்குநர் மம்தூஹிடம் போனாள். முதல் படத்தில் அவன் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன், அதனால் அவளிடம் அவனுக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

"தண்ணி சீனை வெயில் இருக்கும்போதே எடுத்துடு. காபி குடிக்கிற சீனுக்கு என்ன அவசரம்? அத ஸ்டுடியோவுல எப்ப வேணாலும் எடுக்கலாமே."

அவனும் தலையை ஆட்டினான். காபிக் கடை நவம்பர் பதினேழுக்குப் போயிற்று.

"என் சாவ முன்னால தள்ளிட்டீங்களாமே" என்றார் ஃபிக்ரி. "அடக்கத்த முடிச்சுட்டு அப்புறம் நிச்சயதார்த்தமா? நல்ல முறை."

"உயிரோட இருந்தாத்தான நிச்சயதார்த்தம்? வாய மூடிக்கிட்டு தண்ணியில எறங்குங்க."

கடல் காட்சி எடுத்த அன்று அவளுக்கு வேலை இல்லை. ஆனாலும் துண்டும் சுடுதண்ணீர்க் குடுவையும் எடுத்துக்கொண்டு அபூகீருக்குப் போயிருந்தாள். கடல் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று முறை முங்கி எழுந்தார், ஒன்றும் ஆகவில்லை. மணலில் இஹாப் மடியில் கிடந்தபடி, இரண்டு மாதமாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்த வசனத்தைச் சொன்னார்: "பாஷா, அஃபாஃப் இன்னும் பதில் சொல்லல. வந்ததும் சொல்றேன்னா. நான் வரலன்னு சொல்லிடுங்க."

பதினெட்டு வருஷமாக வழி சுத்தமா இருக்கு என்று மட்டுமே சொன்ன வாய். லைட் பிடித்துக்கொண்டிருந்தவன் மூக்கை உறிஞ்சினான். இஹாப் தன் வசனத்தை மறந்துவிட்டு உண்மையாகவே அழுதான். மம்தூஹ் 'கட்' சொன்னதும் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஃபிக்ரி எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு ரதீபாவைத்தான் பார்த்தார். அவள் துண்டை நீட்டி, "பரவால்ல, சாகத் தெரியுது உங்களுக்கு" என்றாள். அதைவிட நல்லதாக ஒரு வார்த்தை அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ஃபிக்ரி, கையில் ஒரு பை கொய்யாப்பழம், சலவை செய்த சட்டை.

"சீனை ஒரு தடவ சொல்லிப் பாத்துடலாமான்னு வந்தேன்."

கீழே காவல்காரர் இத்ரீஸ் படியில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவின் பார்வைத் துளை இருண்டது, உள்ளிருந்து யாரோ கண்ணை வைத்திருந்தார்கள். தனியாக இருக்கிற பெண் வீட்டுக்குள் ஓர் ஆண்பிள்ளை போனால் மறுநாள் கட்டடம் முழுக்க அதுதான் பேச்சு. அதோடு அவளுக்கு இன்னொரு பயம். இந்தக் கேள்வியை வீட்டில் வைத்து இவர் கேட்டால், அது ஸக்கி கேட்டதாக எப்படி எடுத்துக்கொள்வது?

"அதுல சொல்லிப் பாக்க என்ன இருக்கு? ரெண்டு வரி. கேமரா முன்னாலயே வெச்சுக்கலாம். முன்னாடியே சொல்லிட்டா அன்னைக்கு மூஞ்சியில ஒண்ணும் வராது."

"அதுவும் சரிதான்" என்றார். கொய்யாப் பையைக் கொடுத்தார். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. "அப்போ பதினேழாம் தேதி உட்கார்றேன்."

போய்விட்டார். அவள் வீட்டு வாசலிலும் அந்த மனிதர் நின்றுவிட்டுத்தான் போனார். இது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து, ரொட்டிக் கடை வரிசையில் ஏழாவது ஆளாக நின்றவர் அப்படியே சரிந்தார் என்று செய்தி வந்தபோதுதான் தோன்றியது. தோன்றியபின் நெஞ்சை விட்டுப் போகவேயில்லை.

துக்க வீட்டில் பெண்கள் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருப் பந்தலில் ஆண்களுக்குக் குர்ஆன் ஓதும் குரல். சர்க்கரை போடாத காபி சுற்றி வந்தது. துக்கத்தில் சர்க்கரை போடக் கூடாது. ரதீபா வழக்கமாக இரண்டு கரண்டி போடுகிறவள். அன்று முகம் சுளிக்காமல் குடித்தாள். ஃபிக்ரியின் தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மதாம், உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. அந்தக் காபிக் கடை சீனு கதையில இல்ல. எங்கண்ணன்தான் கதாசிரியர் வீட்டுக்கு மூணு தடவ நடந்து எழுத வெச்சார். சாகுறதுக்கு நான் ரெடி, ஆனா சாகுறதுக்கு முன்னாடி அவள ஒண்ணு கேக்கணும்னாராம். ஏண்ணே, நேர்ல கேட்டா என்னன்னு கேட்டேன். நேர்ல கேட்டா அவ பேச்ச மாத்திடுவா, கேமரா ஓடிக்கிட்டிருந்தா பதில் சொல்லித்தான ஆகணும்னு சொல்லிச் சிரிச்சார்."

ரதீபாவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. வந்தது நிற்கவில்லை. நான்தான் தள்ளினேன், நான்தான் தள்ளினேன் என்று அவள் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. கடலில் இறங்கிச் சாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாளே, சாவு கடலைத்தான் தேடி வரும் என்று அவளுக்கு யார் சொன்னது? அட்டவணையைத் தொடாமல் விட்டிருந்தால் செப்டம்பரிலேயே அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார், கேட்டிருப்பார்.

மறுநாள் மம்தூஹ் தொலைபேசியில் கூப்பிட்டான். தயாரிப்பாளர் காபிக் கடைக் காட்சியே வேண்டாம், தூக்கிவிடு என்கிறார். சாவு கையில் இருக்கிறது, அது போதும்.

"தூக்கக் கூடாது" என்றாள். "எனக்கு அங்க ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கு."

"ஆளே இல்லாம எப்படி, மதாம்? வேற ஒருத்தர முதுகு காட்டி உக்கார வெச்சு, குரல் குடுக்க ஒருத்தரப் பிடிச்சு..."

"வேற எவனும் அந்த நாற்காலியில உக்காரக் கூடாது. குரலும் வேண்டாம். கேமராவ என் மூஞ்சியில வை. கேள்விய ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. பதினெட்டு வருஷத்துல எனக்குன்னு உங்கிட்ட எதாவது கேட்டிருக்கேனாடா?"

தனக்கென்று அவள் கேட்டதேயில்லை. அதனால் மம்தூஹ் போய்த் தயாரிப்பாளரோடு மல்லுக்கு நின்று அரை நாள் வாங்கி வந்தான்.

பதினேழாம் தேதி பிரமிட் சாலை ஸ்டுடியோவில் காபிக் கடை போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வரைந்த கடல். ஒரு மரச்சட்டத்தில் ஸக்கியின் பழுப்புக் கோட்டை மாட்டி நாற்காலியில் வைத்தார்கள், படத்தின் ஓரத்தில் தோள் மட்டும் தெரியும்படி. கடைசியில் உட்கார்ந்தது கோட்டுதான். கேமராவுக்குப் பக்கத்தில் நிவீன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். எந்தக் காட்சியில் யார் என்ன உடுத்தினார்கள், எந்தக் கையில் கோப்பை, என்ன பேசினார்கள் என்று எழுதி வைத்து, முன்னும் பின்னுமாக எடுக்கிற படத்தை ஒட்டவைக்கிற வேலை அவளுடையது. ரதீபா பதில் சொல்வதற்காக ஃபிக்ரியின் கேள்வியை அவள்தான் படிக்க வேண்டும், அவள் குரல் படத்தில் வராது.

ஸ்டுடியோவில் முப்பது வருஷமாகத் தேநீரும் காபியும் போடுகிற ஹாஜி பயூமி இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு கோட்டைப் பார்த்து உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டு போனார்.

கேமரா ஓடியது. நிவீன் படித்தாள். "இந்த வேலை முடிஞ்சதும் கடைய மூடிடப் போறேன், அஃபாஃப். எங்கூட வந்துடுறியா?"

ரதீபா கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லை. கசப்பு நாக்கில் பட்டதும் துக்க வீட்டு மாடி கண்முன் வந்தது, கொய்யாப் பை வந்தது, மூன்று மாடி ஏறின மூச்சு வந்தது. கோட்டின் தோளைப் பார்த்தாள்.

"வந்துடுறேன்" என்றாள். "எப்பக் கூப்பிட்டாலும் வந்திருப்பேன். உக்காருங்க முதல்ல."

யாரும் 'கட்' சொல்லவில்லை. ரீல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மம்தூஹ் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டான். கேமராக்காரர் தானாகவே நிறுத்தினார்.

நிவீன் நோட்டைப் பிரித்தாள், மூடினாள், திரும்பப் பிரித்தாள். அவளுக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் அது அவள் வேலை.

"மதாம், ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா ஒட்டாது, மதாம். கடற்கரையில அவர், அஃபாஃப் இன்னும் பதில் சொல்லலன்னு சொல்றார். அது எடுத்தாச்சு."

இது ரதீபாவுக்குத் தெரியாததா? அந்த வசனத்தைத் துண்டும் கையுமாக நின்று கேட்டவளே அவள்தான். இந்த மூன்று நாளில் அது நினைவுக்கு வரவேயில்லை.

மம்தூஹ் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான். "ஒரு வழி இருக்கு, மதாம். கடற்கரையில அந்த வசனத்த வெட்டிடறேன். இஹாப் மூஞ்சிய வெச்சுச் சமாளிச்சுக்கலாம். அவர் கண்ண மூடுறது மட்டும் போதும். நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும்."

அதாவது அவளுடைய பதில் இருக்க வேண்டுமானால் அவருடைய பேச்சு போக வேண்டும். ஏழு படத்தில் அந்த மனிதருக்குக் கிடைத்த ஒரே பேச்சு. இரண்டு மாதம் குளியலறையில் சொல்லிப் பார்த்தது. லைட் பிடித்தவனை அழவைத்தது. அதை வெட்டினால் ஸக்கி வாய் திறக்காமல் செத்துப் போவார், ஜனங்களுக்கு மிஞ்சுவது வழி சுத்தமா இருக்கு மட்டும்தான். உட்காரத்தான் விடவில்லை, பேசவும் விடாமல் அடிப்பதா?

அவள் கை நீட்டிக் கோட்டின் தோளை நேராக்கினாள். பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, மேக்கப் பெண்ணைக் கூப்பிட்டு முகத்தை நீட்டினாள்.

"அவர் வசனத்துல கை வைக்காத. நான் திருப்பிச் சொல்றேன்" என்றாள். "ஹாஜி பயூமி எங்க?"

அவர் கதவோரம் நின்றிருந்தார். "மன்னிச்சுடுங்க, மதாம். சர்க்கரை டப்பாவத் தொடக் கை வரல."

"எனக்கும்தான் தொண்டையில எறங்கல. ஆனா அஃபாஃபுக்கு இன்னும் துக்கம் வரலையே, ஹாஜி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு கரண்டி போட்டுக் கொண்டாங்க. அவர் கோப்பையிலயும்."

பயூமி போட்டுக் கொண்டுவந்தார். கேமரா ஓடியது. நிவீன் கேள்வியைப் படித்தாள், இந்த முறை குரல் உடைந்தது. ரதீபா இனிப்புக் காபியை ஒரு வாய் குடித்தாள். கோட்டைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, ஐம்பத்தாறு வயசுப் பெண் வெட்கப்படுவது போலவே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"போயிட்டு வாங்க. வந்ததும் சொல்றேன்."

ஒட்டியது. மிக நன்றாக ஒட்டியது. மம்தூஹ் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

படம் பெருநாளுக்கு வெளியானது. ரதீபா தனியாகப் போய்ப் பின் வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காபிக் கடைக் காட்சியில் கொட்டகை சீட்டியடித்தது. கடற்கரை வந்தது. ஸக்கி மேஜர் மடியில் கிடந்து, அஃபாஃப் இன்னும் பதில் சொல்லல என்றார். முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் அழுகையோடு, "சரின்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சா என்னடி உனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். நாலைந்து பேர், "அதானே" என்றார்கள். ரதீபா விளக்கு போடுவதற்கு முன்னால் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் மனியல் சந்தையில் யாரும் பெரியவர் கோபமா என்று கேட்பதில்லை. அடுத்த கொய்யாப் பருவத்தில் ஒரு நாள் தள்ளுவண்டிக்காரி ஒருத்தி எடைக்கல்லைத் தட்டில் வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அஃபாஃப்தானே? கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, மதாம். பாவம் அந்த மனுஷன். அவர் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லாம அனுப்புனீங்க?"

"சொன்னேம்மா" என்றாள் ரதீபா. "ஒட்டலன்னு எடுத்துட்டாங்க."

வண்டிக்காரிக்கு அது புரியவில்லை. தராசைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பழம் கூடப் போட்டுக் கொடுத்தாள்.